புக்கிட் மேராவும் பினாங்கும்: ஈயக் கழிவு எழுப்பிய வழக்கு

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதப்புகும் நாம் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டங்களையே நாடுகின்றோம். ஈயச் சுரங்கம் சீனர் வரலாறென ஒதுக்கப்பட்டுவிட்டது. பேராக்கில் தோண்டப்பட்ட ஈயத்தை உருக்கிய ஆலை பினாங்கின் டத்தோ கிராமாட்டிலும் இருந்தது. அவ்வீயம் விட்டுச்சென்ற கழிவை எதிர்த்த போராட்டத்திற்குத் துணை சென்றதும் பினாங்கிலிருந்தே.

ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் மணல் 'அமாங்' எனப்படும். அதிலுள்ள மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிக்க, ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் பங்கேற்ற ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் இயங்கத் தொடங்கியது. மோனசைட்டில் தோரியமும் உண்டு. பயன்பொருள் வெளியேற, கதிரியக்கக் கழிவு ஊரில் தங்கியது. 1984இல் பாப்பான் மக்கள் கழிவுக்கிடங்குத் திட்டத்தை எதிர்த்தெழுந்தனர். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எண்மர் வழக்குத் தொடுத்தனர். அக்டோபரில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனினும் 1987இல் உரிமம் பெற்று ஆலை மீண்டும் இயங்கிற்று.

தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையேற்ற பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் இவ்வூராருக்குத் துணைநின்றன. பெரும்பாலும் சீனர் வாழ்ந்த அவ்வூரின் சார்பில் வாதிட்டோருள் வழக்கறிஞர் மீனாட்சி இராமன் ஒருவர். விசாரணை தொடங்கியது 1987 செப்டம்பரில். மறுமாதமே 'ஒப்பராசி லாலாங்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவரும் அவர்களுள் ஒருவர். அந்நடவடிக்கைக்குக் காட்டப்பட்ட காரணம் இனப்பதற்றம்! இனவேலியைத் தாண்டி நின்றதொரு வழக்கின் வழக்கறிஞருக்கு அக்காரணம் எவ்வாறு பொருந்தும் என்பது நம் வரலாற்றாசிரியர்கள் கேட்டிருக்க வேண்டிய வினா.

1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. உரிமத்தை நீக்குமாறு ஊரார் அணுசக்தி உரிம வாரியத்தையே அணுகியிருக்க வேண்டும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. உரிமம் வழங்கிய வாரியத்திடமே முறையிடச் சொல்வது, பாதிப்பை மெய்ப்பிக்கும் சுமையை மீண்டும் எளியோர் தோளிலேயே ஏற்றுவதாகும் என்பது நம் கருத்து.

ஆயினும் வழக்கில் வென்ற நிறுவனமே 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது. தீர்ப்பை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இதனைத் தோல்வியென எழுதக்கூடும். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. துப்புரவுப் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவானதாக 2011இல் செய்தி வெளிவந்தது. கழிவோ பேராக்கை விட்டு நீங்கவில்லை. கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டது.