எட்டுக் காசு முதல் ஐக்கிய நாட்டு உடன்படிக்கை வரை

மலாயாவில் 1930-இல் தோட்டக் கூலியைக் குறைத்தபோது ஆணுக்கு நாளொன்றுக்கு 40 காசும் பெண்ணுக்கு 32 காசும் என்று வைத்தார்கள். ஒரே பெரட்டில் நின்று, ஒரே நிரையில் பால்மரம் வெட்டியவளுக்கு அந்த எட்டுக் காசு பெண்ணாய்ப் பிறந்ததற்குத் தண்டம் போலும்! 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியுயர்வோடு, பெண்களின் மானத்தில் மேலதிகாரிகள் கைவைக்கலாகாது என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். சர்க்கார் பட்டாளத்தைக் கொண்டு அதை அடக்கியது.

சுதந்திரம் வந்தது. 1957-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் எட்டாவது விதி மதம், இனம், வமிசம், பிறந்த இடம் ஆகியவற்றால் பேதம் பாராட்டலாகாது என்றது. ‘பால்’ என்ற சொல் அதில் இல்லை. ஐக்கிய நாட்டுச் சபை 1979-இல் நிறைவேற்றிய மாதர் உடன்படிக்கையை மலேசியா 1995-இல் ஏற்றபின், 2001-இல்தான் அச்சொல் சேர்ந்தது.

சேர்ந்தும் என்ன? கருவுற்றால் ராஜினாமாச் செய்ய வேண்டுமென்ற கூட்டு ஒப்பந்தத்தால் 1991-இல் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் தொடுத்த வழக்கைக் கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் தள்ளிவிட்டது. கூட்டு ஒப்பந்தம் ‘சட்டம்’ ஆகாதாம்! தொழிலாளிக்கென்று சங்கம் செய்த ஒப்பந்தமே தொழிலாளிப் பெண்ணைத் தள்ளிற்று என்பதை நம் சங்கத் தலைவர்கள் நினைவில் வைப்பது நலம்.

2009-இல் நூர்பாடிலா அகமது சைக்கின் என்னும் மாது தற்காலிக ஆசிரியை வேலைக்குத் தேர்வு பெற்றார். கர்ப்பமா என்று கேட்டார்கள், ஆமென்றார், நியமனம் பறிபோயிற்று. அவர் சர்க்கார் மீதே வழக்குத் தொடர்ந்தார். 2011-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜலேஹா யூசோப், திருத்தப்பட்ட எட்டாவது விதியையும் மாதர் உடன்படிக்கையையும் சேர்த்துப் படித்து, கர்ப்பத்தைக் காட்டி வேலை மறுப்பது பால் பேதமே என்று தீர்ப்பளித்தார். ஏட்டுச்சுரைக்காயென்று பலரும் இகழ்ந்த உடன்படிக்கை கோர்ட்டில் ஆயுதமாயிற்று. எதிரி சர்க்காராக இருந்தமையால் அவ்விதி பாய்ந்தது. தனியார் கம்பெனியாயின் பியாட்ரிஸின் கதியே நேர்ந்திருக்கும்.

இதனை நாம் பத்து பெரண்டாமில் சொல்லக் காரணமுண்டு. இங்குள்ள சுதந்திர வர்த்தக வட்டாரத் தொழிற்சாலைகள் யாவும் தனியாருடையவை. அங்கே உழைக்கும் மாதருக்கு அரசியல் சட்டத்தைவிட, 2023 ஜனவரி 1 முதல் அமலிலுள்ள திருத்திய தொழிற்சட்டமே கைக்கருவி. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. ஒழுங்கீனம், வேலையிடம் மூடப்படுதல் முதலிய காரணங்களின்றிக் கர்ப்பிணியை நீக்கலாகாது. பேதம் காட்டினால் தொழிலாளர் இலாகாவில் நேரே புகார் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டுவதில்லை.