நாட்டுப் பாட்டும் இசைத்தட்டும்

மக்கள் பாடும் பாட்டுக்கு உடையவர் யார்? வயலில் நாற்று நடும் பெண் பாடுகின்றாள். தொட்டிலை ஆட்டும் தாய் பாடுகின்றாள். தேயிலைக் கொழுந்து கிள்ளும் கூட்டம் மலைச்சரிவில் நின்று பாடுகின்றது. அப்பாட்டுகளை இயற்றியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. ஆயினும், அதே பாட்டு ஒரு தட்டில் பதிந்து, உறையில் இடப்பட்டு, விலை குறிக்கப்பட்டுக் கடைக்கு வந்தவுடன் அதற்கு ஓர் உரிமையாளர் தோன்றிவிடுகின்றார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் இசை கற்றவன் அல்லேன், ரயில்வேயில் குமாஸ்தா. பார்சலின்மேல் அனுப்புகின்றவர் பெயரும் பெறுகின்றவர் பெயரும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்த்துப் பழகிய கண்களோடுதான் பாட்டின் வரலாற்றையும் பார்த்தேன். குற்றம் இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

இந்திய நாட்டில் முதன்முதலாகக் கிராமபோன் கம்பெனியார் பாட்டுகளைப் பதிவு செய்தது 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கல்கத்தாவில். பிரெட் கெய்ஸ்பெர்க் என்னும் நிபுணர் அதற்கெனக் கப்பலேறி வந்தார். கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரல் அப்பொழுது பதிவாயிற்று. சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் தொடங்கின. 1908-இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. 1928-இல் டம்டம் என்னுமிடத்தில் பெரிய ஆலை எழுந்தது. நாய் மார்க்குத் தட்டுகள் பட்டிதொட்டியெங்கும் பரவின. 1931-இல் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியா கம்பெனியும் இங்கிலாந்தில் ஒன்றாயின. பெயர்கள் பலவாயினும் முதலாளி ஏறக்குறைய ஒருவரே என்னும் நிலை அன்றே தோன்றிவிட்டது.

கம்பெனிக்காரருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் மக்கள் எதனை விரும்புவர் என்பதும் தெரியாது. எனவே உள்ளூர் வியாபாரியை அவர்கள் நாடினர். காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. அவர் புதல்வர், 1907-இல் பிறந்த ஏ. வி. மெய்யப்பன், கடையில் நின்று வாங்குவோரின் மனப்போக்கை நன்கு கற்றவர். அவர் நண்பர்களோடு சேர்ந்து 1932-இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தைத் தொடங்கினார். ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் விநியோகிக்கும் பொறுப்பு அந்நிலையத்துக்குக் கிடைத்தது. இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இந்த ஏக விநியோகஸ்தர் வெறும் விற்பனையாளர் அல்லர். எந்தப் பாடகரை அழைப்பது, எந்தப் பாட்டைப் பதிவது, எந்த நாடகத்தைப் பல தட்டுகளாகப் பிரித்து ஒரு செட்டாக வெளியிடுவது என்பனவற்றில் அவர் சொல்லே எடுபட்டது. பாட்டைத் தேர்ந்தவரும் அவரே, விற்றவரும் அவரே. பின்னாளில் அவர் படத்தொழிலுக்குச் சென்று பெரும் புகழ் எய்தியதற்குக் கடையில் பெற்ற இக்கல்வியே அடித்தளம் எனலாம்.

தட்டுக்குள் புகுந்த நாட்டுப் பாட்டுக்கு நேர்ந்தது என்ன? பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். நாற்று நடவுப் பாட்டோ நடவு முடியும்வரை நீளும். ஆகவே கண்ணிகள் வெட்டப்பட்டன. ஒருத்தி பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடும் முறை தளர்ந்தது. ஆர்மோனியமும் பிடிலும் தபலாவும் துணைக்கு வந்தன. உறுமியும் குலவையும் பெரும்பாலும் வெளியே நின்றன. தெம்மாங்கு மெட்டு நாடக மெட்டாயிற்று. நாடக மெட்டு சினிமா மெட்டாயிற்று. இதனை முற்றும் இழப்பென்றும் சொல்லுதற்கில்லை. கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுப்போர் பாடி நடந்த சிந்து, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கையில் உயர்ந்த இலக்கியமாகி, பின்னர்க் கச்சேரி மேடையிலும் ஏறியது. வடிவம் மாறினும் அவருடைய பெயர் அழியவில்லை. அவர் பாட்டு அவர் பெயரோடு ஏட்டில் இருந்தமையே அதற்குக் காரணம். ஏட்டில் ஏறாத பாட்டுக்கோ தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளே பிறப்புச் சான்றிதழாயிற்று. அத்தாளில் பாடகர் பெயர் இருக்கும்; கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். பாட்டைக் காத்துத் தந்த கிழவியின் பெயருக்கு அதில் இடம் இருந்ததில்லை.

பெயர் அறிந்த புலவரின் பாட்டுக்கே இத்தகைய சோதனை வந்தது என்றால் பிறவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கும்மி, நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி முதலிய நாட்டு மெட்டுகளில் பாரதியார் பாடியது, பாமரரும் பாடவேண்டும் என்னும் கருத்தினால் அன்றோ? அவர் 1921-இல் மறைந்தார். அவர் நூல்களின் உரிமை பின்னர் அவருடைய மாற்றாந்தாய் மகனாகிய தம்பி சி. விசுவநாதனிடம் வந்து சேர்ந்தது. 1930-களில் இசைத்தட்டுக்குரிய உரிமை மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, சென்னையில் வைர வியாபாரம் செய்த சுரஜ்மல் நிறுவனத்தாருக்கு விற்கப்பட்டது. நாட்டின் விடுதலைப் பாட்டு நகைக்கடைக்காரரின் பெட்டியில் பூட்டப்பட்டது என்றால் இன்று நம்புதற்கு அரிதாகவே தோன்றும். 1940-களில் அவ்வுரிமையை மெய்யப்பன் விலை கொடுத்து வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதியார் பாடல்களைப் பாட, நாடே கேட்டு மகிழ்ந்தது.

அடுத்த ஆண்டே வழக்கு மூண்டது. டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடலொன்று இடம்பெற்றது. உரிமை தம்முடையது என்று மெய்யப்பன் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. பாரதியின் பாட்டைத் தமிழன் பாடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். நாரண துரைக்கண்ணன், பரலி சு. நெல்லையப்பர், திருலோக சீதாராம் முதலியோர் பாரதியாரின் துணைவியார் செல்லம்மாளை நேரிற்கண்டு ஒப்புதல் பெற்றனர். முதலமைச்சர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் 1949-இல் உரிமையைப் பொதுமக்கள் சார்பில் ஏற்றுக்கொண்டது. மெய்யப்பனும் ஈட்டுத்தொகை எதுவும் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதனை நன்றியோடு சொல்ல வேண்டும். அவர் செய்த வாணிகம் சட்டத்துக்குப் புறம்பானதன்று. நேர்மையாக வாங்கினார், பெருந்தன்மையோடு அளித்தார். எனினும், மக்கள் ஒன்றுதிரண்டு கேட்டிராவிடில் அது நடந்திருக்குமா என்பது சிந்தித்தற்குரியது.

இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவில், 1927-ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்துப் பிரிஸ்டல் நகரில், ரால்ப் பியர் என்னும் கம்பெனி அதிகாரி மலைவாழ் மக்களின் பாட்டுகளைப் பதிவு செய்தார். அங்கே பாடிய கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர், பின்னர் ஊர்ஊராகச் சென்று பழம்பாட்டுகளைத் திரட்டினார். லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர் உடன்சென்று மெட்டுகளை மனத்தில் வாங்கிவந்து கொடுத்தார். உரிமைப் பதிவேட்டில் ஏறியதோ கார்ட்டரின் பெயர். நாட்டுப்புறப் பாட்டு என்று பொருள்படும் ‘கன்ட்ரி’ இசை இவ்வாறு பெருந்தொழிலாக வளர்ந்தது. கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்ரோ என்பார் 1940-களில் மாண்டலின், பாஞ்சோ, பிடில், கிதார் ஆகியவற்றை விரைந்த நடையில் இணைத்துப் ‘புளூகிராஸ்’ என்னும் புதுப்பாணியை நிலைநாட்டினார். 1969-இல் அதே டென்னசியில் கிராக்கர் பேரல் என்னும் உணவகம் நெடுஞ்சாலையோரம் தொடங்கியது. சாப்பாட்டுக் கூடத்தோடு ஒரு பலசரக்குக் கடையும் அதில் உண்டு. 2011-இல் கிராஸ்கல்ஸ் என்னும் குழுவினர் பழைய கன்ட்ரி பாடல்களைப் புளூகிராஸ் பாணியில் மீண்டும் பாடிய இசைத்தட்டு, அந்தக் கடைகளில் மட்டுமே விற்கும் ஏற்பாட்டோடு வெளிவந்தது. பழைய பாட்டு, புதிய பாணி, ஒரே கடை! நம் சென்னையில் 1930-களில் நடந்த வாணிகத்துக்கும் இதற்கும் ஒற்றுமை புலப்படவில்லையா?

நம் நாட்டில் 1980-களில் ஒலிநாடா வந்தபொழுது, பழைய பாடல்களை வேறு குரலில் பாடவைத்து மலிவாக விற்கும் வழக்கம் பெருகியது. அதன் விளைவாகச் சட்டமும் மாறியது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரு பாட்டு முதலிற் பதிவாகி ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, உரிய தொகை செலுத்தி மறுபதிவு செய்யலாம். ஆனால் இச்சட்டமெல்லாம் இயற்றியவர் இன்னார் என்று தெரிந்த பாட்டுக்கே துணை நிற்கும். பெயரில்லாத நாட்டுப் பாட்டுக்கு அதனிடம் காவல் இல்லை.

தொலைவில் உள்ளவை போகட்டும். நம் பாலக்காட்டு மாவட்டத்துக்கே வருவோம். அட்டப்பாடி மலையில் வாழும் இருளர் மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது. அம்மக்களுள் ஒருவரான நஞ்சியம்மாள் ஆடுமாடு மேய்த்தவர்; தம் இனத்தின் பாட்டுகளை மேடைகளில் பாடிவந்தவர். 2020-இல் வெளிவந்த ‘ஐயப்பனும் கோசியும்’ என்னும் மலையாளப் படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாடவைத்தார். ஜேக்ஸ் பிஜாய் இசையமைத்த அப்பாடல் எல்லை கடந்து பரவியது. அவ்வாண்டுக்குரிய சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அவருக்கு வழங்கப்படும் என 2022-இல் அறிவிப்பு வந்தது. முறைப்படி சங்கீதம் பயிலாதவருக்கு இவ்விருது தகுமா என்று சிலர் வினவினர். தகும் என்று பலர் விடையிறுத்தனர். என் நெஞ்சைத் தொட்ட செய்தி வேறொன்று. அப்பாடலை எழுதியவர், பாடியவர் என்னும் இரண்டு இடங்களிலும் அவருடைய பெயரே பொறிக்கப்பட்டது. தட்டின் வட்டத்தாளில் நூறாண்டுகளாக இடம் பெறாத கிழவிக்கு ஒருமுறையேனும் இடம் கிடைத்தது.

இதே எல்லையின் தென்பால் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மலைகள் உள்ளன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் நம் முன்னோர் கங்காணிகளோடு ஏறிச் சென்ற மலைகள் அவை. மூணாற்றில் 1908 முதல் ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்கு ஏற்றிச் செல்லும். அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு அவை இறங்கும். 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்துபோயிற்று. எத்தனை பெட்டித் தேயிலை இறங்கியது என்பதற்குக் கணக்கு எழுதியவர்கள் உண்டு. அக்கொழுந்தைக் கிள்ளியவர்கள் பாடியது என்ன என்பதற்குக் கணக்கு எழுதியவர் யார்?

சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் சிறுமியர் கும்மியடித்தனர். பாட்டு ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி அதே பாட்டை வேறு மெட்டில் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேவிகுளத்துப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். விழா முடிந்ததும் அருகிற்சென்று வினவினேன். “இது பாதிதான் தம்பி. எங்க ஆத்தா பாடுனா விடிய விடியப் போகும். சாவகாசமா வா, சொல்றேன்” என்றார். நானும் வருகிறேன் என்றேன். டியூட்டி, குழந்தைகளின் பரீட்சை, ஊர்ப்பயணம் என்று நாட்கள் ஓடின. இவ்வாண்டு விழாவுக்கு அந்த அம்மையார் இல்லை. மீதிப் பாதிப் பாட்டும் இல்லை. எந்தக் கம்பெனியும் எந்தக் கடைக்காரரும் அதனை எடுத்துச் செல்லவில்லை. என் சோம்பலே அதனை இழக்கச் செய்தது.

ஆதலின் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் ஒரு பாட்டியோ அத்தையோ இருக்கின்றார். அன்று பதிவு செய்வதற்குக் கல்கத்தாவிலிருந்து கருவி வரவேண்டியிருந்தது. இன்று அக்கருவி நம் சட்டைப்பையிலேயே உள்ளது. அவர்கள் பாடும் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் வெட்டாமல் முழுமையாகப் பதிவு செய்வோமாக. பாடியவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கேட்டுக் கற்றார், பதிந்த நாள் ஆகிய நான்கினையும் ஒரு நோட்டில் எழுதிச் சங்கத்தில் வைப்போமாக. நாளை எவரேனும் அப்பாட்டைப் புதிய பாணியில் பாடி விற்க விரும்பினால் மகிழ்வோடு கொடுப்போம். ஆனால் அந்நோட்டில் உள்ள பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்போம். அனுப்பியவர் பெயரில்லாத பார்சலை எங்கள் அலுவலகத்தில் ஏற்பதில்லை. பாட்டுக்கும் அந்த விதியை நாம் வகுத்துக்கொண்டால் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!