வலிக்கும் ஒரு வாசற்கதவு



காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த தோளும், செம்பனைக் குலை தூக்கிய இடுப்பும் ஒருநாள் வலிக்கத்தான் செய்யும். கோடாலித் தைலம் தேய்த்தால் போய்விடும். ஆனால், காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் ஆறாத வலி இருக்கிறதே, அதுதான் கொடுமை. "வேலைக்குப் போகாம சாக்குச் சொல்றான்" என்ற பேச்சு வேறு! அந்த வலி பொய்யல்ல என்பதை அறிவியல் கண்டுகொண்ட வரலாற்றைக் கேளுங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற உரோமாபுரி வைத்தியர், கால்வலிக்காரரைக் கடற்கரை ஈரத்தில் நிறுத்தி, உயிருள்ள மின் திருக்கையை மிதிக்கச் சொன்னார். கால் மரத்துப் போகும்வரை நிற்கவேண்டும்! (நம் சந்தைத் திருக்கைக்கு அந்தச் சக்தி கிடையாது.)

வலி எப்படி அடங்குகிறது என்பதற்கு 1965-இல் ஒரு நல்ல விளக்கம் பிறந்தது. கனடாவின் ரொனால்ட் மெல்சாக், இங்கிலாந்தின் பேட்ரிக் வால் இருவரும் சொன்னது இதுதான்: முதுகுத் தண்டில் ஒரு கதவு இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். தொடுவது, தேய்ப்பது போன்ற செய்திகள் முந்திக்கொண்டு வந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். வலிச் செய்தி மூளைக்குப் போவது குறையும். அடிபட்ட முழங்காலை அம்மா தேய்த்துவிட்டதும் நோவு தணிவதற்கும், பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் உடம்பு பிடித்துவிடும்போது சுகம் கிடைப்பதற்கும் இது ஒரு காரணம்.

அப்படியானால், மின்சாரத்தாலேயே அந்தக் கதவைச் சாத்தினால் என்ன? 1967-இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி, எழுபது வயதுப் புற்றுநோயாளி ஒருவரின் முதுகுத் தண்டருகே மின்முனை பொருத்தினார். வலி தணிந்தது. அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி தந்தது 1989-இல்.

இன்று மெல்லிய கம்பியை முதுகெலும்புக்குள் செலுத்தி, மின்கலப் பெட்டியைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். முதலில் சில நாள் சோதனை. வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். முதுகு அறுவைக்குப் பின்னும் நீங்காத வலிக்கும், நரம்பு வலிக்கும்தான் இது பெரும்பாலும் உதவுகிறது. எல்லோருக்கும் பலிக்காது, செலவும் அதிகம். இடுப்புப் பிடிப்புக்கெல்லாம் இதைத் தேடி ஓடவேண்டியதில்லை.

நம் நாட்டில் இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. 2008 முதல் சுகாதார அமைச்சு, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நாடி, இரத்த அழுத்தம், சுவாசம், காய்ச்சல் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவதாகக் குறிக்கச் சொன்னது. சைபரிலிருந்து பத்துக்குள் "வலி எவ்வளவு?" என்று தாதி கேட்பார். அந்த எண்ணைச் சொல்ல வேண்டியவர் கங்காணியோ கிராணியோ அல்ல, வலிக்கிறவர்தான்.