வாயிற்படி இல்லாத வகுப்பறை

கல்லூரி வாயிலை மிதியாமலே கல்லூரிக் கல்வி பெறலாம் என்னும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்ததும், ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கலானார். 1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம், எக்கல்லூரியில் பயின்றாய் என்று கேளாமலே தன் தேர்வுகளை எழுத இடமளித்தது. (பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகத்திற்கு மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.) எக்குலத்தில் பிறந்தாய் என்று கேட்டே பள்ளிக் கதவைத் திறந்தும் அடைத்தும் வந்த நாட்டில், இவ்விதியின் அருமையை நம் சமுதாயத்தார் நன்கு உணர்வர்.

நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் 1971-இல் மதுரையும், 1979-இல் அண்ணாமலையும், 1981-இல் சென்னையும் அவ்வழியில் இறங்கின. ஆலையிலும் அலுவலகத்திலும் பகலெல்லாம் உழைத்தவர்கள், அஞ்சற்காரர் கொணர்ந்த பாடக்கட்டை இரவில் பிரித்துப் படித்துப் பட்டதாரிகளாயினர். உழைப்பவனின் நேரத்திற்குக் கல்லூரியே இணங்கி வரவேண்டும் என்ற கருத்தை அண்ணல் அம்பேத்கர் முன்னரே செயலிற் காட்டியிருந்தார். 1946-இல் பம்பாயில் அவர் நிறுவிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குச் செல்வோரின் பொருட்டுக் காலை வேளையில் வகுப்புகளை நடத்தியது.

1985-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவற்றிற்கிடையே 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. அது தமிழ் இலக்கியப் பாடங்களை இணையத்தில் ஏற்றியதோடு, பழைய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்க மின்னூலகமும் அமைத்தது. ஏடு எவர் வீட்டில் இருந்ததோ அவரே புலவர் என்றிருந்த காலத்தை எண்ணிப் பார்த்தால், இது சிறு செய்தியன்று.

ஆயினும் வாயில் திறந்தால் மட்டும் போதுமா? இணையவழிப் பாடம் எங்கும் ஒன்றே. வகுப்பறையிலாயின் மாணவன் எழுந்து ஒரு வினாத் தொடுக்கலாம். ஆசிரியர் பாடத்தில் இல்லாத நூலையும் எடுத்துக் காட்டலாம். தொலைவிலிருந்து பயில்பவனுக்கோ, பாடத்தில் இல்லாதது உலகிலேயே இல்லாதது போலாகிவிடும். அஞ்சல்வழிக் கதவைத் திறந்த அதே தில்லிப் பல்கலைக்கழகம், 2021-இல் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. நீக்குதல் கூடாதென்று அப்பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவிலேயே சிலர் மறுப்புத் தெரிவித்தும் பயனில்லை.

எனவேதான், இலக்கியம் பயிலும் நம் இளைஞர்கள் ஒப்படைப்பு என்னும் எழுத்துப் பணியை வெறும் மதிப்பெண்ணுக்கான சடங்காகக் கருதலாகாது என்பேன். பாடத்தைப் பிறர் எழுதுகின்றனர்; ஒப்படைப்பு ஒன்றே மாணவன் தன் குரலில் பேசுமிடம்.

ஒரு சான்று காட்டுவேன். நந்தனார் வரலாறு பற்றி எழுதுக என்று வினா வருகிறது. பக்தியின் பெருமை என்று தொடங்கி நான்கு பக்கம் நிரப்புதல் எளிது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் புராணத்தையும், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தன் சரித்திரக் கீர்த்தனையையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சேக்கிழார் காட்டும் ஆதனூர்ச் சேரியில் கோழியும் நாய்க்குட்டியும் குழந்தைகளும் உண்டு. தொழிலுக்கென விடப்பட்ட நிலத்தின் விளைவை உண்டு, கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளிக்கும் நந்தனார் உண்டு. அவரைத் தடுத்து நிறுத்தும் பண்ணையார் அங்கே இல்லை. சிதம்பரம் செல்ல விடை கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளும், விடைதர மறுக்கும் வேதியரும் கீர்த்தனையில் புகுந்தவர்கள். ஏன் புகுந்தனர்? பாரதியார் தம் காலத்துத் தஞ்சைப் பண்ணையடிமை முறையைக் கண்ணாற் கண்டவர் என்பதே என் விடை. மற்றொருவர் வேறு விடை கூறலாம். நூலிலிருந்து சான்று காட்டினால் போதும். ஆனால் இரு நூலிலும் மாறாதது ஒன்றுண்டு: நந்தனார் தில்லைக்குள் நுழையுமுன் நெருப்பில் மூழ்கியே ஆகவேண்டும். சேக்கிழாரின் நந்தனார் தீயிலிருந்து மார்பில் பூணூலோடு எழுகிறார். அந்தணர் எவருக்கும் வேண்டாத நெருப்பு இவருக்கு மட்டும் ஏன் என்று ஒரு மாணவி எழுதுவாளாயின், அவள் இலக்கியம் கற்றவள்.

இத்தகைய கேள்வியைக் கடைகளில் விற்கும் வினாவிடை நூல் கேட்பதில்லை. கட்டளையிட்டதும் கட்டுரை எழுதித் தரும் கணிப்பொறிகள் இன்று வந்துவிட்டன. அவை தருவதும் பெரும்பாலும் பலர் சொன்னதையே. நம்மைப் பற்றிப் பலர் சொன்னது எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமலில்லை. 2020-இல் பெருந்தொற்றால் வகுப்புகளெல்லாம் இணையத்திற்கு மாறியபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் நம் தெருக்களில் இருந்தன. தந்தை வேலைக்குப் போனால் வகுப்பும் அவரோடு போயிற்று. ஆதலின் நம் சங்கப் படிப்பகத்தில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் கணிப்பொறியும் இணைய இணைப்பும் இம்மாணவர்களுக்கென ஒதுக்கப்படவேண்டும். வாரம் ஒருநாள், ஒருவர் எழுதிய ஒப்படைப்பை அனுப்புமுன் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் குறுக்குக் கேள்வி போடட்டும். முதல் வாரத்திற்கு நந்தனாரையே எடுத்துக்கொள்ளலாம்.