சேற்றூர்ச் சீமையும் கும்பினி ஆதிக்கமும்

மேற்கு மலைச்சாரலில், தளவாய்புரத்தை அடுத்த சேற்றூர், சிவகிரி, நெற்கட்டும்செவல் முதலிய பாளையங்கள், வாணிபத்தின் பொருட்டுக் கடல் கடந்து வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாக நேர்ந்தமைக்கு மூலகாரணம், பிரெஞ்சுக்காரருக்கும், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தாசாகிபுக்கும் எதிரான யுத்தங்களில் பெற்ற சகாயத்துக்காக ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி அதனிடம் பட்ட கடனேயாகும். அக்கடன் தீரக் கப்பம் தண்டும்பொருட்டு, 1755-இல் கும்பினியின் கர்னல் ஹெரான், நவாபின் தமையன் மாபூஸ்கானோடு தெற்கே படை நடத்தினான். வரி தண்டச் சேனையும், சேனையின் செலவுக்கு மேலும் வரியுமாக வளர்ந்த இவ்விஷச் சக்கரத்தை வாணிபம் என்பது சொல்லளவிலேதான்.

கப்பம் மறுத்து அண்டைப் பாளையக்காரரை ஒன்றுதிரட்டிய பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், 1761-இல் கும்பினிப் படைத்தலைவன் யூசுப்கானிடம் வீழ்ந்தது. விசித்திரம் யாதெனில், கும்பினிக்காக அதனை வென்ற அதே யூசுப்கான், பின்னர்க் கலகக்காரனாகி, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். 1767-இல் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையும் பிடிபட்டது.

1801-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் கர்நாடக தேசத்தின் நிர்வாகம் கும்பினியைச் சேர்ந்தது. பாளையக்காரரின் கோட்டைகள் இடிக்கப்பட்டு, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1803-இல் நிரந்தர நிலவரித் திட்டம் அமலாகவே, எஞ்சிய பாளையக்காரர், பேஷ்குஷ் என்னும் நிர்ணயத் தொகை செலுத்தும் ஜமீன்தார்களாயினர். அம்முறை 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தது.