மூணு பவுண்டு காத்து

பிக்கப் ட்ரக் ஒண்ணை லேசா தூக்கி, ஒரு சைஸ் ரெண்டு சைஸ் பெரிய டயரா மாட்டி நிக்க வெச்சா, பார்க்கறதுக்கு ஒரு கெத்துதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா "எதுக்குங்க இவ்ளோ பெரிய டயர்?"னு கேட்டா, "வண்டி உசரமா இருக்கும், பள்ளம் மேட்டுல அடி தட்டாது"ன்னு பதில் வரும். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க மனுஷன் முக்கால் நூற்றாண்டு பனியில மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கான். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

கதை 1908ல ஆரம்பிக்குது. தென் துருவத்துக்குக் கிளம்பின எர்னஸ்ட் ஷாக்கிள்டன், நிம்ராட் கப்பல்ல மட்டக்குதிரைகளோட ஒரு காரையும் ஏத்திக்கிட்டுப் போனார். ஆரல்-ஜான்ஸ்டன்னு ஸ்காட்லாந்துல செஞ்ச கார். அண்டார்டிகாவுல கால் வெச்ச, மன்னிக்கணும், சக்கரம் வெச்ச முதல் கார் அதுதான். கடல் உறைஞ்சு கல்லு மாதிரி இறுகிக் கிடந்த இடத்துல நல்லாவே ஓடுச்சு, சாமான் இழுத்துச்சு. பொதபொதன்னு இருக்கற பனிக்கு வந்ததும் கதை முடிஞ்சுது. ஒல்லிச் சக்கரம் உள்ள இறங்கிச்சு. அங்கேயே சுத்திச்சு, சுத்திச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஷாக்கிள்டன் நடந்தே போய், 1909 ஜனவரி 9ஆம் தேதி துருவத்துக்கு 180 கிலோமீட்டர் முன்னாடி, சாப்பாடு பத்தாம திரும்பிட்டார்.

இது நம்ம ஊர் ஆளுக்குப் புரியாத விஷயமே இல்லை. இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டி சேத்து வயல்ல இறங்கினா எப்படி மாட்டும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். அதே பாரத்தோட டயர் வண்டி ஓரளவு தப்பிச்சு வெளிய வந்துடும். பாரம் ஒண்ணுதான், அது எவ்ளோ இடத்துல பரவுதுங்கறதுதான் வித்தியாசம்.

"சரி, அப்போ டயரைப் பெரிசாக்கினா வேலை முடிஞ்சுதே"ன்னு தோணும். 1939ல அமெரிக்காக்காரங்களுக்கும் அப்படித்தான் தோணிச்சு. தாமஸ் பூல்ட்டர்ங்கறவர் வடிவமைச்சு, சிகாகோவுல 'ஸ்நோ க்ரூஸர்'னு ஒரு பூதத்தைச் செஞ்சாங்க. நீளம் 55 அடி. எடை சுமார் 34 டன். உள்ளேயே படுக்கை, சமையல்கட்டு, ஆய்வுக்கூடம், முதுகுல ஒரு குட்டி விமானம் வேற! டயரோட உயரம் மட்டும் 10 அடி. சதுப்பு நிலத்துல ஓட்டறதுக்குன்னு செஞ்ச டயர், மேல பட்டன் கிடையாது, வழவழன்னு இருக்கும்.

1940 ஜனவரியில அண்டார்டிகாவுல இறக்கினாங்க. பனியில கால் வெச்சதும் டயர் அப்படியே அமுங்கி, இருந்த இடத்துலயே வழுக்கிச்சு. உபரிச் சக்கரம் ரெண்டையும் முன்னாடி சேர்த்து மாட்டிப் பார்த்தாங்க. பின்னாடி சங்கிலி சுத்திப் பார்த்தாங்க. கடைசியில ரிவர்ஸ்ல போனா கொஞ்சம் நகருதுன்னு கண்டுபிடிச்சு, 92 மைல் முழுக்கப் பின்பக்கமாவே ஓட்டினாங்க. அதுதான் அது போன அதிகபட்ச தூரம். அப்புறம் அதை நிறுத்தி வெச்சு வீடாத்தான் பயன்படுத்தினாங்க. இப்போ அது பனிக்கு அடியில இருக்கா, கடலுக்கு அடியில இருக்கான்னு யாருக்கும் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. 34 டன்னை நாலு சக்கரம் சுமந்தா ஒரு டயருக்கு எட்டரை டன். பின்னாடி நாம பார்க்கப் போற பிக்கப் வண்டியில ஒரு டயருக்கு சுமார் 600 கிலோதான். டயர் அதைவிட மூணு மடங்குகூடப் பெரிசு இல்லை, பாரம் மட்டும் பதினாலு மடங்கு. தூக்கி நிறுத்த எது இருக்கு?

இந்தத் தோல்விக்கு அப்புறம் சக்கரத்து மேல யாருக்கும் நம்பிக்கை இல்லை. எட்மண்ட் ஹிலரி, ஆமா, எவரெஸ்ட் ஹிலரியேதான், 1958 ஜனவரி 4ஆம் தேதி ஃபெர்கூசன் விவசாய டிராக்டர்ல தென் துருவம் போய்ச் சேர்ந்தார். தரைவழியா மோட்டார் வண்டியில அங்க போன முதல் குழு அவரோடதுதான். ஆனா அந்த டிராக்டர் சக்கரங்களைச் சுத்தி, ராணுவ டாங்கி மாதிரி பெல்ட் மாட்டியிருந்தாங்க. பனின்னா பெல்ட்டுதான்னு அதோட முடிவாயிடுச்சு.

அந்த முடிவை மாத்தினது ஆராய்ச்சிக்கூடம் இல்லை, ஐஸ்லாந்து நாட்டு மெக்கானிக் ஷெட்டுங்க.

ஐஸ்லாந்துக்கு ஜீப் வந்ததே ரெண்டாம் உலகப் போராலதான். 1940 மே மாசம் பிரிட்டிஷ் படை வந்து இறங்கிச்சு, அடுத்த வருஷம் அமெரிக்கப் படை. போர் முடிஞ்சதும் ஜீப்பு விவசாயிங்க கைக்கு வந்துச்சு. இன்னைக்கும் எந்த நாலு சக்கர இழுவை வண்டியா இருந்தாலும் அவங்க பாஷையில 'ஜெப்பி'தான், நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி நகல் மிஷினா இருந்தாலும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி. தீவைச் சுத்தி வர்ற சாலையே 1974லதான் முழுசா முடிஞ்சுது. நடுப்பகுதி மேட்டு நிலம், ஆள் கிடையாது, குளிர்காலத்துல பாதை மூடிடுவாங்க. நாட்டுல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு பனிப்பாறை. அங்க யாராச்சும் காணாமப் போனா தேடிப் போறது சம்பளத்துக்கு வேலை செய்யற படை இல்லை. ஊருக்கு ஊர் இருக்கற தன்னார்வ மீட்புக் குழுக்கள்தான். பகல்ல மீன் வெட்டறவர், பள்ளிக்கூட வாத்தியார், இப்படி ஆளுங்க. வண்டி பனியில நின்னுட்டா தேடப் போனவங்களையே தேடிப் போகணும்.

1980களோட ஆரம்பத்துல இவங்க கண்டுபிடிச்ச விஷயம் கேட்டா 'இவ்வளவுதானா'ன்னு தோணும். அமெரிக்காவுலேர்ந்து 38 அங்குலம், 44 அங்குல டயருங்களை வரவழைச்சு மாட்டினாங்க. மாட்டிட்டு, காத்தை இறக்கினாங்க. கொஞ்சநஞ்சம் இல்லை. ரோட்டுல 30 பவுண்டு வெக்கற இடத்துல மூணு பவுண்டு, சில சமயம் ரெண்டு பவுண்டு!

இது ஏன் வேலை செய்யுதுன்னு பேப்பர் பேனாவோட பார்ப்போம். டயருக்குள்ள இருக்கற காத்தழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் தரை மேல விழும். வண்டி 2,400 கிலோன்னு வெச்சுக்குங்க, டயருக்கு 600. முப்பது பவுண்டுன்னா சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. அப்போ தரையைத் தொடற இடம் சுமார் 285 சதுர சென்டிமீட்டர், ஒரு சின்னத் தட்டு அளவு. மூணு பவுண்டுக்கு இறக்கினா அது பத்து மடங்கு, சுமார் 2,850. அதாவது 47 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் நீளம். சதுர சென்டிமீட்டருக்கு விழறது 0.2 கிலோதான். எழுபது கிலோ ஆள் ஒத்தைக் கால் ஊணி நடக்கும்போது அதைப் போல ரெண்டு மடங்கு அழுத்தறார். இறங்கி நடந்தா முட்டி வரைக்கும் புதையற பனியில வண்டி மேலாக ஓடும். டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் தாங்கும், அதனால இது ரஃப் கணக்குதான். ஆனா விஷயம் இதுதான்.

இன்னொண்ணையும் கவனிங்க. காத்து இறங்கினா டயர் அகலமாகறதைவிட நீளமாத்தான் படியுது. ஹிலரி டிராக்டர்ல தனியா சுத்தி மாட்டின பெல்ட் இருக்கே, அதோட வேலையைத்தான் இந்தத் தொளதொள டயரும் செய்யுது.

"அப்போ சாதா டயர்லயே காத்தை இறக்கிட்டுப் போகலாமே?" அங்கதான் சைஸ் வருது. சாதா டயர்ல மூணு பவுண்டு வெச்சா ரிம் தரையில உக்காந்துடும். அமுங்கறதுக்கு இடம் வேணும்னா டயர் பெரிசா இருக்கணும், ரிம் சின்னதா இருக்கணும். அதனாலதான் 38 அங்குல டயருக்கு உள்ள 15 அங்குல ரிம். இன்னைக்கு ஃபேஷனுக்கு 20 அங்குல ரிம் போட்டு அதுக்கு மேல பெல்ட் மாதிரி டயர் மாட்டறாங்களே, அதுக்கு நேர் எதிர்.

வண்டியைத் தூக்கறதுலயும் இதே புத்திதான். ஸ்பிரிங்கை உசத்தினா பாடியும் சேஸிஸும்தான் மேல போகும், அச்சு இருந்த இடத்துலயேதான் இருக்கும். பின்னாடி தொங்கற டிஃபரன்ஷியல் உருண்டையைத் தரையிலேர்ந்து தூக்கறது டயர் மட்டும்தான். 31 அங்குலத்துலேர்ந்து 38க்குப் போனா அது மூணரை அங்குலம் மேல வரும். அதனால ஐஸ்லாந்துக்காரங்க வண்டியைக் கொஞ்சமாத்தான் தூக்குவாங்க. டயர் இடிக்கற இடத்துல மட்கார்டை வெட்டி எடுத்துட்டு, அகலமா வேற ஒண்ணு வெப்பாங்க. சில வண்டியில பின் அச்சையே கொஞ்சம் பின்னாடி தள்ளி வெப்பாங்க. பனிப்பாறைச் சரிவுல பக்கவாட்டுல போகும்போது உசரமான வண்டி உருண்டுடும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

பெரிய டயர் சும்மா வந்துடாது, பின்னாடியே செலவைக் கூட்டிக்கிட்டு வரும். 31க்குப் பதில் 38 போட்டா ஸ்பீடாமீட்டர் 80னு காட்டும்போது வண்டி நிஜத்துல 98ல போகும். இஞ்சினுக்கு எல்லா கியரும் ஒரு படி பாரமாயிடும், அதனால கிரவுன்-பினியனை மாத்தி பல் விகிதத்தைச் சரி பண்ணணும். பிரேக்குக்கு வேலை கூடும். மூணு பவுண்டுல டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கறதும் உண்டு. அதுக்கு அவங்க செய்யற வைத்தியம் பிரசித்தம். எரியற ஸ்ப்ரேயை உள்ள அடிச்சு, நெருப்பு வெச்சு, 'டப்'புன்னு வெடிக்க வெச்சு டயரைத் திரும்ப உக்கார வெப்பாங்க. (தயவுசெஞ்சு யாரும் வீட்ல முயற்சி பண்ணாதீங்க!) அப்புறம் டயர் விளிம்பை போல்ட் போட்டு இறுக்கற ரிம் வந்துச்சு.

1983ல இந்த ஜெப்பிக்காரங்க ஒரு பயணக் கழகம் ஆரம்பிச்சாங்க. மாத்தியமைச்ச வண்டியை சட்டத்துக்குள்ள கொண்டு வர அதிகாரிங்களோட உக்காந்து பேசினாங்க. தடை போடறதுக்குப் பதிலா தனிச் சோதனை வெச்சு அனுமதிக்கிற வழி வந்துச்சு. 1990ல டொயோட்டாவோட ஐஸ்லாந்துக் கிளையில ஆர்க்டிக் ட்ரக்ஸ்னு தனிப் பிரிவு தொடங்கி, ஷெட்டு வித்தையைத் தொழிலாவே ஆக்கினாங்க.

2007ல பிபிசியோட டாப் கியர் குழு, இவங்க தயார் பண்ணின 38 அங்குல டயர் ஹைலக்ஸ் பிக்கப்புல கனடாவோட ரெசல்யூட்லேர்ந்து கிளம்பி, வட காந்தத் துருவம் 1996ல இருந்ததா கணிச்ச இடத்துக்குப் போனாங்க. அதை டிவியில பார்த்தவங்க நிறைய பேர் இருப்பீங்க. எனக்கு அதைவிட நெருக்கமா படறது வேற ஒண்ணு. 2010 நவம்பர் 13ஆம் தேதி, அண்டார்டிகாவுல இருக்கற நம்ம மைத்ரி நிலையத்துலேர்ந்து எட்டு பேர் கிளம்பினாங்க. தலைமை விஞ்ஞானி ரசிக் ரவீந்திரா. வழியெல்லாம் பனிக்கட்டி மாதிரி எடுத்துக்கிட்டு, ரேடார் வெச்சு அளந்துக்கிட்டு, நவம்பர் 22ஆம் தேதி தென் துருவம் போய்ச் சேர்ந்தாங்க. இந்தியாவோட முதல் தென் துருவ அறிவியல் பயணம் அதுதான். நேர்கோட்டுல அளந்தாலே 2,100 கிலோமீட்டருக்கு மேல. போனது எதுல? 44 அங்குல டயர் போட்ட ஆர்க்டிக் ட்ரக்ஸ் வண்டியில. 1908ல ஷாக்கிள்டன் கார் எந்தப் பனியில நின்னுச்சோ, அதே கண்டத்துப் பனி. இந்தத் தடவை பெல்ட் இல்லை, சக்கரம்தான்.

ஷாக்கிள்டன் கிட்ட இஞ்சின் இருந்துச்சு, ஸ்நோ க்ரூஸர்ல பெரிய டயரும் இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் கிடைக்காதது அளவான பாரமும், காத்தைத் தைரியமா இறக்கிப் பார்க்கற புத்தியும்தான். அதனால உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் பெரிய டயர் மாட்டப் போறேன்னு சொன்னா ஒண்ணு சொல்லுங்க. டயருக்குக் காசு எடுத்து வெக்கும்போதே ஒரு நல்ல பிரஷர் மீட்டருக்கும் சின்ன காத்து பம்புக்கும் சேர்த்து எடுத்து வெக்கச் சொல்லுங்க. மணல்லயோ சேத்துலயோ இறக்கின காத்தைத் தார் ரோடு ஏறினதும் திரும்ப ஏத்தலைன்னா, டயர் சூடேறி வெடிக்கும். ஆளையே கொண்டு போயிடும்.

கடைசியா ஒண்ணு. இவ்ளோ வித்தை தெரிஞ்ச ஐஸ்லாந்துலயே வெறும் தரையில பாதையை விட்டு வண்டி ஓட்டினா குத்தம். பாசி மேல ஒரு தடவை சக்கரம் ஏறினா அந்தத் தடம் மறைய பல பத்து வருஷம் ஆகும். நல்லா உறைஞ்சு பனி மூடின நிலத்துல மட்டும்தான் அனுமதி. அங்க மூணு பவுண்டு காத்துல போன வண்டியோட தடத்தை அடுத்த பனிப்பொழிவே மூடிடும்.

சரி மக்களே, டீ ஆறிப் போயிருக்கும். அடுத்த பதிவுல பார்ப்போம்.