ஆனைமலைக் காட்டில் ஒரு தனி வீடு

கொங்கு நாட்டுக் குடியானவருக்குத் தனித்து நிற்கும் வீடு புதிய சங்கதியன்று. ஊருக்குள் சொந்த வீடு இருந்தாலும், கிணற்று மேட்டுக்குச் சமீபத்தில் சாளை போட்டு, பக்கத்தில் தொண்டுப்பட்டி அடைத்து, ஆடு மாடுகளின் துணையோடு வருஷம் முழுவதும் தோட்டத்திலேயே ஜீவனம் செய்வது இந்தப் பிரதேசத்தின் நெடுநாளைய வழக்கம். ஆயினும் அந்தச் சாளைக்கும் அடுத்த தோட்டத்துச் சாளைக்கும் நடுவே கூப்பிடு தூரத்துக்கு மேல் இருப்பதில்லை. இரவில் நாய் குரைத்தால் இன்னொரு நாய் பதில் குரைக்கும். சென்ற வாரம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த பொதிவண்டிகளைப் பின்தொடர்ந்து பொள்ளாச்சிச் சந்தை வரையில் வந்து நின்ற நாம், இந்த வாரம் அங்கிருந்து தென்மேற்கே திரும்பி, ஆனைமலை ஊரையும் வேட்டைக்காரன்புதூரையும் சேத்துமடையையும் கடந்து மலையேறி, கூப்பிட்டால் கேட்க அயலார் எவரும் இல்லாத ஆரண்யத்தில் சென்ற நூற்றாண்டுகளின் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் தோட்டக்காரர்களும் வீடு கட்டி வாழ்ந்த கதையைப் பார்ப்போம்.

காட்டில் ஏகாந்தமாக வாழ்ந்தவனுடைய மரவீடு என்றவுடன் மேல்நாட்டுச் சரித்திரத்தில் சில பெயர்கள் பிரசித்தமாக நிற்கின்றன. 1845-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், வால்டன் ஏரிக்கரையில் தன் கையாலேயே சிறு குடில் எழுப்பி இரண்டு வருஷங்களுக்கு மேல் அதில் வசித்த தோரோ ஒருவர். 1968-இல் அலாஸ்காவின் இரட்டை ஏரிக்கரையில், ஐம்பது வயது கடந்த பின், கோடரியும் ரம்பமும் உளியும் கொண்டு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டி, ஏறத்தாழ முப்பது வருஷ காலம் அங்கே தங்கிய ரிச்சர்ட் ப்ரொன்னிக்கி இன்னொருவர். நெடிதாகவும் நேராகவும் வளரும் ஊசியிலை மரங்கள் மிகுந்த பனிநாட்டில், முழுத்தடிகளின் முனைகளில் வெட்டு வைத்துப் பூட்டி, இடுக்குகளைப் பாசியால் அடைத்துவிட்டால் சுவர் முடிந்துவிடும். பனியின் குளிரே செல்லையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் காத்துக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் கொட்டுவதும், தரையில் கிடத்திய கட்டையைக் கறையான் மண்ணாக்கிவிடுவதும், யானை முதுகு தேய்த்துக்கொள்ளத் தூண் தேடி வருவதுமான ஆனைமலையில் அந்த மார்க்கம் பலிக்காது. இங்கே மரவீடு கட்டுகிறவன் மழை, கறையான், யானை ஆகிய மூன்று எதிரிகளையும் எண்ணிக்கொண்டே கடைகால் தோண்டியாக வேண்டும்.

இந்த மூன்றையும் அறிந்து வீடு கட்டியவர்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தார்கள். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்குச் சேர வேந்தன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களைப் பிரமதாயமாக வழங்கினான் என்று அதன் பதிகம் தெரிவிக்கிறது. அந்த உம்பற்காடு இன்றைய ஆனைமலைப் பகுதியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். தொன்மையான அந்தப் பதிகச் செய்தி ஒருபுறம் இருக்க, காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர் என்னும் ஆறு குடியினர் இம்மலைகளை இன்றும் தங்கள் வாசஸ்தலமாகக் கொண்டிருக்கிறார்கள். மூங்கிலை முழுதாக நிறுத்திக் கால்களாக்கி, பிளந்து தட்டியாக்கிச் சுவராக்கி, இலைகளாலும் புல்லாலும் கூரை வேய்ந்து, மழைக்காலத்துக்குத் தக்க சரிவு கொடுத்து இவர்கள் எழுப்பும் குடிசைக்கு ஆணி ஒன்றும் வேண்டியதில்லை. அழிந்தாலும் அதே காட்டிலிருந்து சில நாட்களில் இன்னொன்று முளைத்துவிடும். ஆகவே இந்த மலையை 'ஆளற்ற வனம்' என்று எழுதிவைத்த அன்னிய உத்தியோகஸ்தர்கள், தங்களுக்கு வழிகாட்டி நடந்தவர்களையே ஆள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று சொல்வது மிகையாகாது.

வெள்ளைக்காரர்களை இந்த மலைக்கு இழுத்துவந்தது தேக்கு. கடல் நீரிலும் கெடாத எண்ணெய்ப்பசை கொண்ட அந்த மரத்தால் பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தார் கட்டிய யுத்தக் கப்பல்கள் உலகப் பிரசித்தி பெற்றவை. 1817-இல் மலையாளத்துத் தேக்கால் அங்கே கட்டப்பட்ட டிரிங்கோமலீ என்னும் கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது. கரையோரக் காடுகளைத் தாறுமாறாக வெட்டி முடித்த பின், மலையாளத்துக் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். ஆனால் நட்ட மரம் கப்பலுக்கு உதவ இரண்டு தலைமுறை காத்திருக்க வேண்டுமாகையால், கண்கள் ஆனைமலையின் பக்கம் திரும்பின. 1848-இல் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த இளம் லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைக் காட்டு வேலைக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டு, அடுத்த சில வருஷங்களை இந்தக் காட்டிலேயே கழித்தார். மரத்தை வெட்டுவித்தல், பாதை போடுதல், கோடைக் காட்டுத்தீயிலிருந்து இளங்கன்றுகளைக் காத்தல் ஆகிய காரியங்களை அவர் இங்கே பரீட்சித்துப் பார்த்தார். இந்தியாவில் காட்டுத்தீத் தடுப்பு முயற்சிகளுக்கு அதுவே ஆரம்பங்களில் ஒன்று. 1856-இல் சென்னை மாகாணத்து வன இலாகா அமைந்தபோது அதன் முதல் தலைவரான டாக்டர் ஹ்யூ கிளெகார்ன், 1858-இல் இம்மலைகளின் உயர்ந்த பகுதிகள் வரையில் யாத்திரை செய்து விவரமான அறிக்கை ஒன்றையும் எழுதினார்.

தேக்கை வெட்டும் முறையை அறிந்தால்தான் காட்டு வீட்டின் முறையும் விளங்கும். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகையால் வெட்டுவதற்கு வெகுநாள் முன்னமே மரத்தின் அடியில் பட்டையையும் வெண்மரத்தையும் வளையமாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். நீரோட்டம் அறுபட்டு, நின்ற நிலையிலேயே மரம் காய்ந்து வற்றும். பின்னர் அதை வீழ்த்தி, யானைகளைக் கொண்டு மலை விளிம்புக்கு இழுத்துவந்து, சரிவிலே உருட்டிவிடுவார்கள். மேலிருந்து மரம் சறுக்கப்பட்ட அந்த விளிம்புக்கு ஆங்கிலத்தில் ஏற்பட்ட பெயர்தான் இன்று சுற்றுலாப் பிரயாணிகள் யாவரும் உச்சரிக்கும் டாப்சிலிப். அடிவாரத்திலிருந்து வண்டியேறிய மரம் பாலக்காட்டுப் பக்கம் போய், பொன்னானி ஆற்றில் மிதந்து, கடலை அடைந்து, பம்பாய்க்குக் கப்பலேறியது. 1862-இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேல்கடற்கரைக்கு ரயில் பாதை முடிந்தபின், கப்பலின் பசியோடு சிலீப்பர் கட்டைகளின் பசியும் சேர்ந்துகொண்டது.

இந்த வேலைக்காகக் காட்டிலேயே தங்கியவர்களின் வீட்டுக்கு மேல்நாட்டு மாதிரியும் காடரின் மாதிரியும் கலந்த ஓர் உருவம் ஏற்பட்டது. செல் அரிக்காத தேக்கு வைரத்தைத் தூண்களாக நிறுத்தி, ஈரம் தாக்காதபடி தளத்தை உயர்த்தி, பலகையாலோ மண் பூசிய மூங்கில் தட்டியாலோ சுவர் வைத்து, மழைச்சாரல் உள்ளே வராதபடி நான்கு புறமும் தாழ்வாரம் இறக்கிப் புல் வேய்ந்தார்கள். யானை வரும் இடங்களில் வீட்டைச் சுற்றி அகழி எடுத்தார்கள். இத்தனை பிரயாசைக்கும் அகப்படாத நான்காவது எதிரி ஒன்று உண்டு. காட்டுக் காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய அந்தக் காலத்தில், சதுப்பிலிருந்து எழும் ஆவிக்கு அஞ்சி ஜன்னலை மூடிக்கொண்டவர்களை அதே அறையிலிருந்த கொசு கடித்தது. 1897-இல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரையில் இந்த உண்மை வெளிப்படவில்லை. பிற்காலத்தில் சர்க்கார் ஆனைமலையில் சின்கோனாத் தோட்டமே போட்டுக் கொய்னா மருந்துக்குப் பட்டை உரித்தது. அந்த இடத்துக்குச் சின்கோனா என்றே இன்றும் பெயர்.

அதே 1890-களின் இறுதியில்தான் மலையின் கிழக்குப் பாகத்தில், இன்றைய வால்பாறைப் பீடபூமியில், கார்வர் மார்ஷ் என்னும் தோட்டக்காரர் வந்து சேர்ந்து பாரளைப் பகுதியில் காட்டை வெட்டித் தோட்டம் அமைக்கலானார். சாலையில்லாத அந்த மலைமீது அரிசியும் ஆயுதமும் தலைச்சுமையாகவே ஏறின. கங்காணிகள் திரட்டிவந்த சமவெளிக் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்து மரத்தை வீழ்த்தின. முதலில் காப்பியும், பின்னர் தேயிலையும் எழுந்தன. 'ஆனைமலையின் தந்தை' என்று தோட்டக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள். கவர்க்கல்லில் சாலையோரம் அவருடைய சிலை இன்றும் நிற்கிறது. தோட்டத்துரை முதலில் தங்கிய புற்கூரைக் கொட்டகை சில வருஷங்களில் பங்களாவாக வளர்ந்தது. உடன் வந்த கூலிகளின் கொட்டகைகள் லைன் வீடுகளாக மாறின. இருவாச்சியும் சோலைமந்தியும் வாழ்ந்த மழைக்காடோ, தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிற்று.

அந்தத் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலத்திலேயே, மேற்குப் பாகத்து உலாந்திப் பள்ளத்தாக்கில் வேறொரு தனியன் வேறொரு காரியத்தில் ஈடுபட்டிருந்தார். ஹ்யூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் என்னும் அந்த வன அதிகாரி 1870-இல் பிறந்தவர், விவாகம் செய்துகொள்ளாதவர். முதல் உலக யுத்த காலத்தில் கோயமுத்தூர் தெற்கு வனக்கோட்டத்துக்குப் பொறுப்பேற்று, 1880-களில் சென்னைக் கவர்னராயிருந்த கிராண்ட் டஃபின் முதற்பெயரைத் தாங்கிய மவுண்ட் ஸ்டூவர்ட்டில் ஒரு சிறிய வீட்டில் வசித்தார். முக்கால் நூற்றாண்டாக வெட்டப்பட்டுக் கட்டாந்தரையாகிக் கிடந்த சரிவுகள் அவர் வாசலில் நின்றே தென்பட்டன. அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. காட்டைப் பல கூறுகளாக வகுத்து, ஆண்டுக்கு ஒரு கூறில் மட்டுமே வெட்டு நடக்க வேண்டும், மற்றவை யாவும் தொடப்படாமல் வளர வேண்டும் என்று திட்டம் வகுத்தார். மரத்தை வேரோடு பறிக்காமல் அடிக்கட்டையை விட்டுவைக்கச் செய்தார். மண்ணுக்குள் பரந்த பழைய வேர் உயிரோடிருப்பதால், அந்தக் கட்டையிலிருந்து வரும் துளிர் விதையிலிருந்து வரும் கன்றைவிட விரைவாக உயரும். துளிர்களில் வலுவான ஒன்றை வைத்து மற்றவற்றைக் கழித்துவிட்டால் அதுவே மரமாகிவிடும். கட்டையும் இல்லாத வெற்றிடங்களுக்கு, சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு தினந்தோறும் நடந்து, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் மண்ணைக் குத்தி விதையிட்டு மூடிக்கொண்டே போவார் என்பது அந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1933-இல் குன்னூரில் வுட் காலமானார். தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம். அப்படியே டாப்சிலிப்புக்குச் சமீபத்தில் அவருடைய சமாதி அமைந்தது. தம் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறவர் சுற்றிலும் நோக்கலாம் என்னும் பொருள்படும் லத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தை நிர்மாணித்த கிறிஸ்டபர் ரென்னின் சமாதிக்காக எழுதப்பட்ட வாசகம் அது. கல்லால் கட்டியவருக்கு ஏற்பட்ட புகழுரை, மரம் வளர்த்தவருக்கும் பொருந்திற்று.

வுட்டைப் புகழும்போது நியாயமும் தவறலாகாது. அவர் சர்க்காரின் ஊழியர். அவருடைய திட்டத்தின் முடிவும் மரம் விற்பதே. தேக்கு ஒன்றையே வரிசையாக வளர்த்த காடு, பலவகை மரமும் கொடியும் பின்னிக் கிடந்த பழைய வனத்துக்கு முழு ஈடாகாது என்று இன்றைய சூழலியலார் கூறுவதிலும் உண்மையுண்டு. ஆனால் எடுப்பவன் திருப்பி வைக்கவும் கடமைப்பட்டவன் என்னும் கொள்கையை அவர் அந்த மலையில் நடத்திக் காட்டினார். 1976-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனைமலை அறிவிக்கப்பட்டபோது, காப்பாற்றுவதற்கு அங்கே நிழல் மிஞ்சியிருந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் நிற்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கக் காடுகளாக்கியபோது, அதிகாரியின் வீடு சர்க்கார் கட்டடமாயிற்று. பின்னால் வந்த தோட்டத்துரையின் வீட்டுக்குப் பட்டா கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த காடரின் குடிசை மட்டும் அனுமதியின்பேரில் நிற்கும் குடிசையாயிற்று. காட்டில் வாழ்வோருக்குத் தாங்கள் குடியிருக்கும் மண்ணில் உரிமை உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள 2006-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. தனித்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் துரை எவரும் தனித்து வாழ்ந்தவரல்லர். வழி காட்டியவர், தண்ணீர் சுமந்தவர், யானை நடத்தியவர், காய்ச்சலில் கஞ்சி காய்ச்சியவர் எல்லோரும் அந்த வீட்டைத் தாங்கிய தூண்களே.

ஆகையால் வனாந்தரத்தில் வீடு கட்டியவனின் சரித்திரத்தை விசாரிக்கப் புகுகிறவர், கூரை எது, சுவர் எது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவன் போன பிறகு அந்த இடம் என்ன ஆயிற்று, அவன் இருந்த வரையில் அவனைத் தாங்கியவர் யார் என்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆகவேண்டும். முதற் கேள்விக்கு மார்ஷின் சிலையும் வுட்டின் சமாதியும் தத்தம் முறையில் விடை கூறுகின்றன. இரண்டாவதற்கு விடை கூறத்தக்கவர்கள் கோழிகமுத்தி யானை முகாமில் இருக்கிறார்கள். தேக்கை இழுத்த யானைகளையும், அவற்றைப் பழக்கிய மலசர் குடும்பங்களையும் பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.